பிரிக்காத பக்கம்

திருமங்கலம் வாசகி ஒருவர், சின்னானைத் தூணில் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், அம்மா. அவனைப் பெற்றவளும் அதே யோசனையில்தான் இருக்கிறாள்.

ஊரில் திருவிழா, வீட்டில் விருந்தாளி என்று போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காப்பியை முடித்துவிட்டு வாருங்கள்.

திருநகர் மூன்றாவது பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது சங்கிலியின் அச்சகம். சங்கிலியும் மனைவி சோணையம்மாளும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்த அன்று, மகன் சின்னான் மட்டும் கடையில் இருந்தான். மறுநாள் முகூர்த்தம். சோழவந்தான் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வேர்க்க விறுவிறுக்க வந்து, மேடையில் வாசித்துக் கொடுக்க ஒரு வாழ்த்து மடல் வேண்டும் என்றார்கள். பாட்டு எழுத ஆளில்லை, எழுத்துக் கோக்க நேரமுமில்லை. பழைய கல்யாண வாழ்த்து ஒன்றுக்குக் கோத்த ஈய எழுத்துகளைப் பிரிக்காமல், ஒரு பக்கமாகப் பூஜை அலமாரியில் அப்பா கட்டிவைத்திருந்தார்; அதைச் சின்னான் எடுத்தான். மணமக்கள் பெயரை மட்டும் மாற்றி, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, கூட்டாளிகள் பெயரைப் போட்டு அடித்துக் கொடுத்துவிட்டான். யாருக்கும் தெரியக் கூடாதென்று பழைய பெயர்களைத் திரும்பக் கோத்து, பக்கத்தை இருந்த இடத்திலேயே வைத்தும் விட்டான்.

எல்லா இடத்திலும் மாறிய பெயர் ஓர் இடத்தில் மட்டும் மாறவில்லை. மணப்பெண் ராமக்காள் மாலையும் கழுத்துமாக நிற்க, மைக்கில் 'தங்கப்பொண்ணு சிரித்த சிரிப்போ' என்று வாசித்தான் மாப்பிள்ளைத் தோழன். பந்தலே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆண்டிச்சாமி. அந்தப் பாட்டை எழுதியவர் அவர். தங்கப்பொண்ணு அவருடைய ஒரே மகள். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆண்டிச்சாமி பந்தியில் உட்காராமல் எழுந்து போனார். அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 'என் கட்சிக்காரரின் படைப்பை அவருடைய அனுமதியின்றி அச்சிட்டு' என்று தொடங்கி, பதிப்புரிமைச் சட்டம், நஷ்டஈடு, பத்திரிகையில் பகிரங்க மன்னிப்பு என்று மூச்சு விடாமல் போகிற நோட்டீஸ்.

இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

* * *

சங்கிலி தேடிப்போன வக்கீல் மருது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வக்கீல்கள் கண்ணாடியைக் கழற்றினால் ஒன்று நல்ல சேதி, இல்லாவிட்டால் பீஸ் ஏறப்போகிறது. மருது நல்ல சேதிதான் சொன்னார்.

"இந்த வாத்தியார்கிட்ட ஒண்ணுமே இல்லைங்க."

"என்ன சார் சொல்றீக?" என்றார் சங்கிலி.

"பாட்டு நான் எழுதினதுங்கிறார். கையெழுத்துப் பிரதி எங்கே? இல்லை. மகள் கல்யாணத்துக்கு அடிச்ச மடல் ஒண்ணாச்சும் வச்சிருக்காரா? அதுவும் இல்லை. 'பிரதிகள் தற்சமயம் கைவசம் இல்லை'ன்னு அவுங்க வக்கீலே எழுதியிருக்கார் பாருங்க. மக வீட்டுக்கு வந்த ஆத்திரத்துல அம்புட்டையும் கொளுத்திட்டாராம்."

"சோழவந்தான்ல அடிச்ச மடல்ல அந்தப் பிள்ள பேரு இருக்கே சார்."

"தங்கப்பொண்ணு ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. இது வழிவழியா வர்ற கல்யாண வாழ்த்து, எழுதினவர் யாருன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு பதில் போடுவோம். முடிஞ்சது. ஆமா, அந்தப் பழைய பக்கம் இன்னும் இருக்கா?"

"இருக்குங்க. அடியில அவர் பேரோட இருக்கு."

மருது கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அப்ப அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி உங்க கடையில இருக்கு. வேலை முடிஞ்ச எழுத்தைப் பிரிச்சு எழுத்துப்பெட்டி அறையில போடுறது உங்க தொழில்தானே? பிரிச்சுப் போட்டுடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீகளா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நோட்டீஸ்ல அச்சடிச்சவர்னு யார் பேரு இருக்குன்னு பாத்தீங்களா? சின்னான். பேங்க் கடன்ல மெஷின் வாங்குறப்ப கடையைப் பையன் பேருக்கு மாத்துனீங்களே, அதுதான். இந்தச் சட்டத்துல ஜெயில்கூட உண்டு. மெஷினையும் தூக்கிட்டுப் போவாங்க. இருபத்துமூணு வயசுப் பையன். யோசிச்சுக்குங்க."

கோர்ட்டு வாசலில் இளநீர்க்காரன் கூப்பிட்டது சங்கிலியின் காதில் விழவில்லை. திருநகர் வரும் வரை அவர் யோசித்ததெல்லாம் சின்னானைப் பற்றித்தான். பிள்ளையா, நன்றியா என்று கேட்டால் எந்தத் தகப்பனும் ஒரு கணம் தடுமாறத்தான் செய்வான். சங்கிலி அன்றைக்கு ஒரு பஸ் பயணம் முழுக்கத் தடுமாறினார்.

* * *

அந்தப் பக்கத்தை ஏன் பத்துப் பதினோரு வருடம் பிரிக்காமல் வைத்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

எழுபதாம் வருடம் சங்கிலி காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரெடில் மெஷின் ஒன்றை வாங்கிக் கடை திறந்தபோது, வருகிறவர்கள் முதலில் விலை கேட்கவில்லை. "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும், "சரி, அப்புறமா வாரோம்" என்றார்கள். கல்யாணக் காரியம், காதுகுத்துக் காரியம், அது எந்தக் கையால் அச்சாகி வர வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. நேற்றுவரை நாற்று நட்ட கை இன்றைக்கு கல்யாணப் பத்திரிகை அடிப்பதாவது!

டிரெடில் சும்மா நின்றது. சோணையம்மாள் சும்மா நிற்கவில்லை. வராத வேலைக்காக எழுத்துக் கோத்துக் கோத்துப் பழகினாள்.

அப்போதுதான் ஆண்டிச்சாமி வந்தார். ஊர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. "என் மக கல்யாணத்துக்கு நானே ஒரு வாழ்த்து எழுதியிருக்கேன், தம்பி. பிழையில்லாம வரணும்" என்றார். சோணையம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து புரூஃப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் சக வாத்தியார்களிடம் அந்த மடலைக் காட்டினார். அதற்கப்புறம் கடைக்கு ஆள் வந்தது.

கடையின் முதல் வேலை அது. வேலை முடிந்தால் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்காது. சங்கிலிக்கு மனசு வரவில்லை. சணல் கயிறால் சுற்றிக் கட்டி, தகரத் தட்டோடு பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். எழுத்துத் தட்டுப்பாடு வந்து வேலை நின்ற நாட்களிலும் அதில் கை வைத்ததில்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் சந்தனம் அந்தப் பக்கத்துக்குத்தான்.

நன்றியில் இது ஒரு வகை. கொஞ்சம் அசட்டு வகை என்று சொல்வீர்கள். அசடு இல்லாத நன்றியை நான் இன்னும் பார்க்கவில்லை.

* * *

சங்கிலி கடைக்குள் நுழைந்து வக்கீல் சொன்னதைச் சொல்லி முடிக்கவில்லை, சின்னான் அலமாரியிலிருந்து தட்டை எடுத்துவிட்டான்.

"நானே பிரிச்சிடுறேன்ப்பா. நான் செஞ்ச கோளாறு, நானே முடிச்சிடுறேன்."

கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். கடைசிச் சுற்று தளர்ந்தது.

சோணையம்மாள் கையில் எழுத்துக் கோக்கும் இரும்புச் சட்டம் இருந்தது. அதாலேயே அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். நல்ல அடி. திருமங்கலம் வாசகிக்கு இது போதுமா என்று தெரியவில்லை.

"எடுடா கையை!"

"ஆத்தா, ஜெயில்னு சொல்றாக..."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீக?"

சங்கிலி சுவரைப் பார்த்தார். "பயமா இருக்கு புள்ள. ஒத்தப் பிள்ளை."

"எனக்கும்தான் பயமா இருக்கு." சோணையம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "அந்த மனுசன் நம்ம கடைப்படி ஏறலைன்னா இந்த மெஷின் ஏது, இந்தக் கரண்டு ஏது, இவன் படிச்ச படிப்பு ஏது? அவருக்கு நாம என்ன திருப்பிக் குடுத்தோம்? அவர் மக பேரை மேடை ஏத்தி ஊரே சிரிக்க வச்சோம். இப்ப அந்தப் பாட்டு அவருதே இல்லைன்னு சொல்லிக் கையெழுத்தும் போடணுமா?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"அவருக்குச் சாட்சி இல்லையாம்ல? கொண்டுபோய்க் குடுப்போம்."

எதிராளிக்குச் சாட்சியை எடுத்துக்கொண்டு போகிற குடும்பத்தை வக்கீல் மருது தன் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டார். இதைக் கேள்விப்பட்டால் கண்ணாடியைக் கழற்ற மாட்டார், உடைத்தே போடுவார்.

* * *

பெரியார் பஸ் நிலையத்தில், ஆண்டிச்சாமி வீடு இருக்கிற நாகமலைப் பக்கம் போகிற பஸ் பிதுங்கி வழிந்தது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், செக்கானூரணிக்குப் போகிற சரக்குக் கூடைகள். சோணையம்மாள் தட்டை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.

"மடியில என்னம்மா, பிள்ளையா?" என்றார் கண்டக்டர்.

"ஈயம்ண்ணே, அச்செழுத்து. கொட்டுச்சுன்னா பொறுக்க முடியாது."

"கனமா இருக்கும்போல. லக்கேஜ் போட்டுடவா?"

"போட்டுக்கங்க. பிரேக்கை மட்டும் பாத்துப் போடச் சொல்லுங்க."

கண்டக்டர் சிரித்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமலேயே போய்விட்டார். ஆனால் டிரைவரிடம் சொல்ல மறந்துவிட்டார். வழியில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தபோது பஸ் குலுங்கி நின்றது. காலையில் சின்னான் தளர்த்திய கயிறு நழுவியது. ஓரத்து வரி ஒன்று சாய ஆரம்பித்தது. சோணையம்மாள் இரண்டு கையையும் விரித்துப் பக்கத்தை அணைத்துக்கொண்டாள். முடிச்சுப் போட மூன்றாவது கை இல்லை. சங்கிலியும் சின்னானுமோ கூட்டத்தில் இரண்டு சீட் தள்ளி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு இருந்த அம்மா என்ன ஏதென்று கேட்கவில்லை. கூடையிலிருந்து வாழைநாரை உருவி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, வெற்றிலையை அடுக்கிக் கவுளி கட்டுகிற அதே பழக்கத்தில் பக்கத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கத்தியில்லாமல் பல்லாலேயே நாரை நறுக்கினாள்.

"இனி ஊரு போய்ச் சேரும்" என்றாள்.

"நல்லா இருக்கணும்க்கா நீங்க" என்றாள் சோணையம்மாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்தது அது. யாரென்று தெரியாத ஒருத்தி செய்த சின்ன உதவியில் உடைத்துக்கொண்டு வந்தது.

* * *

நாகமலை புதுக்கோட்டையில் ஆண்டிச்சாமி வீட்டு முன்னறையில் புத்தக வாசனை. அவர் வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமா பேசலாம், சங்கிலி."

"பேச வரலைங்க ஐயா. உங்க பொருளை உங்ககிட்டக் காட்ட வந்தோம்."

சோணையம்மாள் தட்டை மேசைமேல் வைத்துத் துண்டை விலக்கினாள். ஆண்டிச்சாமி குனிந்து பார்த்தார். ஈய எழுத்துகள் எல்லாம் இடம் வலம் மாறி நின்றன.

"என்ன இது?"

"உங்க பாட்டுங்க. எழுபதாம் வருசம் நீங்க குடுத்தது. எங்க கடைக்கு முதல் வேலை. பிரிக்க மனசு வராம வச்சிருந்தோம். உங்ககிட்ட ஒரு பிரதியும் இல்லையாமே? வக்கீல் சார் இதைப் பிரிச்சுப் போடச் சொன்னாரு. பிரிச்சா எங்களுக்கு நல்லதாம். எங்களுக்கு அப்படித் தோணலை."

"பூஜையில வச்சுக் கும்பிட்டோங்க ஐயா, வருசா வருசம்" என்றாள் சோணையம்மாள்.

ஆண்டிச்சாமிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "கும்பிட்டா? கும்பிட்டா கேக்காம எடுத்துக்கலாமா? உண்டியலை உடைக்கிறவனும் கும்பிட்டுட்டுத்தான் உடைக்கிறான்!"

அவர் சொன்னது நியாயம்.

மறுபடியும் தட்டின்மேல் குனிந்தபடி அவரே கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "நாலாவது பாட்டு இதுல இருக்கா? வக்கீலுக்கு எழுதிக் குடுக்க உக்காந்தேன். மூணு பாட்டு வந்துச்சு. நாலாவது வரவே இல்லை. நான் எழுதினது எனக்கே வரலை."

"இருக்குங்க."

"எனக்கு இதைப் படிக்கத் தெரியாதேம்மா."

சோணையம்மாளுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்ப்பது போல் நிற்கிற எழுத்தை நேராகப் படிப்பதுதான் அவள் தொழில். முதலில் மூன்றாவது பாட்டைப் படித்தாள்.

"வைகை மணலில் வரைந்த கோலம்
வந்த வெள்ளம் கொண்டு போகும்;
தங்கப்பொண்ணு சிரித்த சிரிப்போ
தண்ணீர் வற்றினும் தங்கி நிற்கும்."

"இந்த இடத்துல ராமக்காள்னு போட்டாலும் ஓசை இடிக்கும்" என்றார் ஆண்டிச்சாமி, சின்னானைப் பார்த்து. வாத்தியார் எந்த நிலையிலும் வாத்தியார்தான். "இது ஒருத்திக்காக எழுதினது. வேற யாருக்கும் பொருந்தாது."

சோணையம்மாள் நாலாவதைப் படித்தாள்.

"பிறந்த வீட்டுக் கதவு, பெண்ணே,
பிரிந்த பின்னும் சாத்துவதில்லை;
விருந்தாய் வந்து நிற்கும் நாளில்
விளக்கு ஏற்ற மறப்பதுமில்லை."

ஆண்டிச்சாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மறந்துபோனது ஏன் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

"அது எனக்கு மறக்கவே இல்லை" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

தங்கப்பொண்ணு. பல்கலைக்கழக ஆபீஸில் டைப்பிஸ்ட். தோளில் பையும் கையில் குடையுமாக நின்றிருந்தாள். அப்பா நோட்டீஸ் விட்டதே அவளுக்குத் தெரியாது. மேசைமேல் கிடந்த நோட்டீஸை எடுத்துப் படித்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள்.

"நான் பெட்டியோட திரும்பி வந்த அன்னிக்கு, பஸ்ல வர்ற வழியெல்லாம் இந்த நாலு வரியைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன்ப்பா. கதவு சாத்தியிருக்காதுன்னு. வந்து பார்த்தா நீங்க கொல்லையில எல்லாத்தையும் போட்டுக் கொளுத்திக்கிட்டு இருந்தீக."

"உன் மேல கோபம் இல்லம்மா. அவுங்க மேல..."

"தெரியும்ப்பா. இருந்தாலும் எரிஞ்சது என் பேருதானே?"

அவள் சோணையம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. எல்லா இடத்துலயும் பேரை மாத்தியிருக்காக. அந்த ஒரு இடத்துல மட்டும் எப்படித் தப்புச்சு?"

சோணையம்மாள் தயங்கினாள். சின்னான்தான் பதில் சொன்னான்.

"ஆத்தா வருசா வருசம் சந்தனம் வைக்கிறது அந்த இடத்துலதான்க்கா. முதல் வருசம் பூஜை போட்டப்ப, தங்கம்னு வருது, ராசியான பேருன்னு அந்தப் பேரு மேலயே வச்சுருக்கு. அப்படியே வருசத்துக்கு ஒரு பொட்டு. காஞ்சு காஞ்சு பேரையே மூடிருச்சு. புரூஃப் எடுத்தப்ப அந்த இடம் கறுப்பா அப்பியிருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு, இன்னொரு புரூஃப் பாக்காம ஓட்டிட்டேன். அடியில உங்க பேரு இருந்தது எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

தங்கப்பொண்ணு விரலால் அந்த வரியைத் தடவினாள். எழுத்துக்கு நடுவே இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. நகக்கண்ணில் மஞ்சளாக வந்தது.

"இந்த வீட்டுல என் பேரைக் கூப்பிடவே யோசிச்ச வருசங்கள் உண்டு" என்றாள். "சொந்தக்காரங்க யாரும் விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டா ஆகாதாம். அம்புட்டு வருசமும் திருநகர்ல ஒரு அக்கா ராசியான பேருன்னு என் பேருக்குச் சந்தனம் வச்சிருக்கீக."

சோணையம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஈயக் கறை படிந்த கை. "நன்றி சொல்ல நாங்கல்ல வந்தோம்மா" என்று சோணையம்மாள் அழுதாள். யார் யாருக்கு நன்றி சொல்வது என்ற கணக்கே அந்த அறையில் குழம்பிப் போயிற்று.

"நீங்க செஞ்ச உபகாரத்துக்கு..." என்று சங்கிலி ஆரம்பித்தார்.

"உபகாரம் ஒண்ணும் இல்லை" என்று ஆண்டிச்சாமி வெட்டினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸை விட்டு இறங்கினா முதல் கடை உன்னுது. அதான் வந்தேன்."

"அதுதாங்க பெரிசு. எதையும் கேக்காம உள்ள வந்தீகளே."

* * *

தங்கப்பொண்ணு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நோட்டீஸுக்குப் பதில் வேணும்ல? சொல்லுங்கண்ணே, எழுதுறேன்."

சங்கிலி எழுந்து நின்று சொன்னார். கோர்ட்டில் நிற்பதாக நினைப்பு.

"பாட்டு ஆண்டிச்சாமி ஐயா எழுதினது. அதுக்கு நாங்களே சாட்சி. அவரைக் கேக்காம அடிச்சதும், அவர் பேரை எடுத்ததும் எங்க தப்பு. இனிமே யாருக்கும் அடிக்க மாட்டோம். பத்திரிகையில மன்னிப்புப் போட்டுடுறோம். அம்புட்டுத்தான்ம்மா."

"அடிச்சது சின்னான், அப்பாவுக்குத் தெரியாதுன்னு எழுதுங்கக்கா" என்றான் சின்னான்.

சங்கிலி மகனைப் பார்த்தார். வக்கீல் ஆபீஸிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே ஒரு பெருமையும் வந்து உட்கார்ந்தது.

ஆண்டிச்சாமி தாளை வாங்கிப் படித்தார். தனக்கே வந்த பதிலில் இரண்டு இடத்தில் பிழை திருத்தினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பதிலை வாங்கிக்கிட்டேன். ஆனா பாட்டு என்னுதுங்கிறதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நோட்டீஸை என்ன செய்யறதுன்னு..."

"அப்பா." தங்கப்பொண்ணு பேனாவை மூடவில்லை. "பாட்டு உங்களுது. பேரு என்னுது. தப்பு அவுகளுது. எல்லாம் சரி. கல்யாணம் யாருது?"

ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"மாலையும் கழுத்துமா நின்ன பொண்ணு. அவ கல்யாணத்துல வேற ஒருத்தி பேரை வாசிச்சிருக்காக. ராமக்காள்கிட்டப் போய் யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீகளா?"

சோணையம்மாளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் ஜெயில், மெஷின், நோட்டீஸ் என்றே ஓடியிருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

சின்னான் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் போனேன்க்கா, போன வாரம். வாசல் வரைக்கும் போயிட்டுப் பயந்து திரும்பிட்டேன். அவுக இப்ப ஆத்தா வீட்டுலதான் இருக்காக. மறுவீட்டுக்கு வந்தவுகளை மாப்பிள்ளை வீட்டுல இன்னும் கூப்பிட வரலையாம். மேடையிலயே வாழாவெட்டி பேரு வந்துருச்சு, ஆகாதுன்னு மாமியார்க்காரி சொல்லுதாம்." பிறகுதான் யார் முன்னால் பேசுகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. "அக்கா, மன்னிச்சிருங்க."

தங்கப்பொண்ணு சிரித்தாள். வைகைத் தண்ணீர் வற்றினாலும் நிற்கும் என்று அப்பா எழுதினாரே, அந்தச் சிரிப்பு இதுதான் போலும்.

"ஞாயித்துக்கிழமை சோழவந்தானுக்குப் போறோம். நானும் வாரேன். அன்னிக்கு அவுக வாசிச்ச பேருக்கு ஆளு யாருன்னு அந்த மாமியார் பாக்கட்டும். வாழாவெட்டி எப்படி வாழ்ந்துக்கிட்டு இருக்கான்னும் பாக்கட்டும்."

"வேண்டாம்மா" என்று பதறினாள் சோணையம்மாள். "அவுக ஏதாச்சும் சொல்லிப்புட்டா?"

"சொல்லட்டும்க்கா. பத்து வருசமாக் கேக்காததா?"

ஆண்டிச்சாமி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பதில் இருந்தது. நோட்டீஸைப் பற்றிச் சொல்ல வந்ததை அவர் சொல்லவில்லை. சங்கிலியும் கேட்கத் துணியவில்லை.

மேசையில் இன்னொரு வெள்ளைத்தாள் கிடந்தது. அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகள் கையிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டினார். கொல்லையில் தீ வைத்த நாளுக்கப்புறம் அவர் ஒரு வரி பாட்டு எழுதியதில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்னன்னு சொன்னீக?" என்றார். "ராமக்காளா?"

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே, "ரா..." என்று ஓசை பார்க்கத் தொடங்கினார்.